எண்பதாவது நிமிடத்து ஓமின்

தொக்தோசுன் என்றால் எங்கள் கிர்கிஸ் மொழியில் ‘நிற்கட்டும்’ என்று பொருள். அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாவது நிற்கட்டும் என்று பயந்து பயந்து அவன் அம்மா வைத்த பெயர் அது. அப்படிப்பட்ட பெயரோடு பிறந்தவன் உலகத்தில் வேறு வேலையே கிடைக்காத மாதிரி கோல்கீப்பராகப் போய் நின்றான் பாருங்கள், அதைத்தான் எங்கள் கோக்ஜார் ஊர்ச் சனங்களால் சும்மா விட முடியவில்லை. ஒரு கோல் விட்டால் போதும். “பேர் மட்டும் நின்னா ஆச்சா? பந்தும் நிக்க வேணாமா?” என்று கேலரியிலிருந்து எவனாவது கத்துவான். பதினெட்டு வருஷமாக அதே கேலி. கத்துகிறவனுக்கும் அலுக்கவில்லை, சுற்றியிருப்பவர்கள் சிரிப்பதும் நிற்கவில்லை.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. காலையில் ஊர்க் குளியல் கூடத்துக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவான். மதியத்துக்கு மேல் பயிற்சிக்குப் போவான். வீடு திரும்பியதும் அவன் மனைவி சாய்ராகான் ஆட்டுக் கொழுப்பைச் சூடு பண்ணி முழங்காலில் தேய்ப்பாள். “இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீ இன்னும் எத்தனை காலம்தான் குதிப்பே?” என்பாள். “இந்த ஒரு வருஷம்தான்” என்பான். இதே பதிலை நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வருஷம் நிஜமாகவே கடைசி வருஷம்போலத்தான் இருந்தது. லீக் பட்டியலில் எங்கள் சுரங்கத்துக் கால்பந்து டீம் அடியில் கிடந்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவோம் என்று சுரங்க நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

மோசமான டீம் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். அந்த வருஷம் ஏழு ஆட்டங்களில் நாங்கள்தான் முன்னணியில் இருந்தோம். ஏழிலும் எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு கோல் வாங்கிக் கோட்டைவிட்டோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள். ஒரு தடவை உடைந்தால் விதி என்று விட்டுவிடலாம். ஏழு தடவை உடைந்தால் தாழியைச் சொல்வதா, கடைகிறவன் கையைச் சொல்வதா?

டீமில் இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ‘எண்பது’. “என்னடா ஆச்சு?” என்று கேட்டால், “எண்பது வந்துருச்சுண்ணே” என்பார்கள், ஏதோ மலைச்சரிவில் மண் இறங்கியதுபோல. வேறு காரணங்களும் இருந்தன. காற்று எதிர்த்து அடித்தது, ரெஃப்ரி வடக்கத்தி ஆள், காலில் சதை பிடித்துக்கொண்டது, புல் வழுக்கியது. ஏப்ரலிலிருந்து இவ்வளவும் பேசினார்களே தவிர, பயம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் ஒருத்தனும் வாயிலெடுக்கவில்லை. சுரங்கத்து ஆட்கள் பெற்ற பிள்ளைகள் அல்லவா, அந்த வார்த்தை நாக்கில் வராது.

கோச் ஒரோசோபெக் பார்க்காத வைத்தியமில்லை. உடை மாற்றும் அறையில் ஆர்ச்சா மரத்து இலையைக் கொளுத்திப் புகை போட்டார். கண்ணேறு போவதற்குப் பதில் எல்லோருக்கும் இருமல் வந்தது. தலைநகரிலிருந்து மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார். அவள் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, மனசில் இருப்பதை எழுதச் சொன்னாள். பதினொரு பேரும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் மைதானத்துக் கடிகாரத்தையே கழற்றி வைத்தார். அதனாலும் பயனில்லை. எண்பதாவது நிமிடம் வந்துவிட்டதைச் சொல்ல எங்களுக்குக் கடிகாரம் தேவையில்லை, கோச்கோர் அய்யா இருந்தார்.

கோச்கோர் அய்யா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வெள்ளைக் கல்பாக் தொப்பியோடு முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில், கடைசிப் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று இரண்டு கையையும் ஏந்தி வாழ்த்துச் சொன்னார். கேலரி மொத்தமும் கையேந்தியது. “ஓமின்”, அப்படியே ஆகட்டும், என்று முகத்தைத் தடவிக்கொண்டது. அன்றைக்கு ஜெயித்துவிட்டோம். விடுவார்களா சனங்கள்? அதிலிருந்து எண்பதாவது நிமிடம் முன்னணியில் இருந்தால் அய்யா கையேந்த வேண்டும், இரண்டாயிரம் பேரும் ஓமின் சொல்ல வேண்டும். ஏழு தடவை கோட்டைவிட்ட பிறகும் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. “பின்வரிசைக்காரனுங்க சரியா சொல்லல, சூரியகாந்தி விதையைக் கொறிச்சுக்கிட்டே சொன்னானுங்க” என்று பழியைப் பின்வரிசையின் தலையில் போட்டார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம். தொக்தோசுன் வீட்டில் சாப்பாடு முடிந்தது. வழக்கம்போல அவனே கையேந்தி நாலு வார்த்தை சொன்னான், எல்லோரும் ஓமின் என்று முகத்தைத் தடவினார்கள். அவன் கை தன்பாட்டில் ரொட்டித் துண்டு ஒன்றுக்கு நீண்டது. சாய்ராகான் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

“ஓமின் சொல்லியாச்சு, அப்புறம் என்ன கை நீளுது? வயித்துல என்ன ஓநாயா இருக்கு?”

“ஒரு துண்டு ரொட்டிதானே.”

“முடிஞ்சது முடிஞ்சதுதான். எந்திரி.”

அவன் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கை சாப்பாட்டு விரிப்பின் மேலேயே கிடந்தது. ஓமின் என்றால் எழுந்து போ என்று அர்த்தம். பால்குடி மறந்த நாளிலிருந்து எங்கள் உடம்புக்கு அது தெரியும். முகத்தைத் தடவியதும் கால் தானாக எழும், கை தானாக மடங்கும். களத்தில் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாயிரம் பேர் சேர்ந்து அவர்களிடம் அதைத்தான் சொல்கிறார்கள்: சாப்பாடு முடிந்தது, எழுந்து போங்கள்.

“அடி ஆத்தி!” என்றான். “நம்மளை நாமளே எழுப்பி விட்டுக்கிட்டிருக்கோம்.”

“என்னது?” என்றாள் சாய்ராகான். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு கோச்கோர் அய்யா வீட்டுக்கு நடந்தான்.

அய்யா முதலில் கோபப்பட்டார். “அப்ப நான்தான் உங்களைத் தோக்கடிச்சேனா? சொல்லு, நானா?”

“அப்படிச் சொல்லலய்யா. விசில் அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்கன்னுதான் கேக்கறேன். ஒரே ஒரு ஆட்டம்.”

“பொறுத்துக்கிட்டு, நீங்க தோத்துப் போனீங்கன்னா? கிழவன் கையேந்தல, அதான் போச்சுன்னு ஊரே என்னைப் பேசுமேப்பா. நான் கடைத்தெருப் பக்கம் தலைகாட்ட வேணாமா?”

அவர் தாடி நடுங்கியதைத் தொக்தோசுன் பார்த்தான். அட, இவருக்குமா என்று இருந்தது. ஆறு வருஷமாக அவர் கையேந்தியது தைரியத்தில் என்று அவன் நினைத்திருந்தான். கடைசியில் அய்யா பெருமூச்சு விட்டார்.

“சரி. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிறேன். விசில் சத்தம் கேக்காம எடுக்க மாட்டேன். ஆனா நீ பந்தை நிறுத்தணும். பேருக்காவது.”

நவம்பர் மாதத்துக் கடைசி ஆட்டம். காலையிலிருந்தே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. ஜெயித்தால் தப்பிக்கலாம், சமன் ஆனாலும் இறங்க வேண்டியதுதான். எதிரே வடக்கத்தி டீம், வெள்ளைச் சட்டை. பனியில் ஆள் எது, வெறும் வெளி எது என்றே பிடிபடவில்லை. எங்கள் ஆட்கள் நன்றாக ஆடினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள். கேலரி துள்ளியது, பாட்டு வந்தது, எவனோ கல்பாக்கைத் தூக்கி எறிந்தான்.

அப்புறம் பாட்டு மெல்லத் தேய்ந்து நின்றது. எண்பது நெருங்குகிறது என்று தொக்தோசுனுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அவனுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் சாமிதீன், ஆறடி உயரம், எருமைக் கழுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேலரியைத் திரும்பிப் பார்த்தான்.

“முன்னால பாருடா!” என்று தொக்தோசுன் கத்தினான்.

கேலரியோ அய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அய்யா அசையவில்லை. இரண்டு கையும் தொடைக்கடியில்.

“அய்யா, தூங்கிட்டீங்களா? நேரமாச்சு!” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கூவினான்.

“இன்னும் சாப்பாடு முடியலடா, உக்காரு!” என்று அய்யா திரும்பாமலே கத்தினார்.

அந்தக் குரல் கோல் வரைக்கும் கேட்டது. தொக்தோசுனுக்கு நெஞ்சு நிறைந்தது. எண்பது போனது. எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ரெஃப்ரியின் கைக்கடிகாரம் தவிர எங்கும் நேரமில்லை. ஆனால் அந்த அமைதி இருக்கிறதே, அது ஓமினைவிட மோசமாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஓரடி ஓரடியாகப் பின்னுக்கு வந்து, கடைசியில் பத்துப் பேரும் அவன் மடியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்போல நெருங்கிவிட்டார்கள்.

எண்பத்தி நாலாவது நிமிடம் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் இருபதடியிலிருந்து உதைத்தான். தொக்தோசுன் பாய்ந்தான். முழங்கால் ஐயோ என்றது. விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தை உரசி வெளியே போனது. கார்னர். அப்படி ஒரு தடுப்பை அந்த மைதானம் பல வருஷமாகப் பார்த்ததில்லை. அவன் மெல்ல எழுந்து நின்றான். இரண்டு கையுறையையும் முகத்தருகே கொண்டுபோய், நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு தடவு தடவினான்.

அவ்வளவுதான்.

காத்துக் கிடந்த சனம். அய்யா தரவில்லை, கோல்கீப்பரே தந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டது. முதலில் கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் முகத்தைத் தடவினார்கள். அடுத்து பக்கத்துக் கேலரி. “ஓமின்” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பி மைதானத்தைச் சுற்றி வந்தது. சாமிதீன் அதைக் கேட்டான். ஏழு மாதம் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கினவன்போல அவன் தோள் தளர்ந்தது. கார்னர் பந்து வந்தது. அவன் குதிக்கவில்லை. ஒருத்தனும் குதிக்கவில்லை. வெள்ளைச் சட்டை ஒன்று மட்டும் எழும்பித் தலையால் முட்டி வலைக்குள் போட்டது.

மிச்சமிருந்த நிமிடங்களில் எங்கள் ஆட்கள் பேய் மாதிரி ஓடினார்கள். ஏப்ரலிலிருந்து அப்படி ஆடியிருந்தால் பட்டியலில் மூன்றாவதாக வந்திருப்போம். இழக்க ஒன்றுமில்லை என்றானதும் காலுக்கு எப்படித்தான் உயிர் வருகிறதோ! இரண்டு பந்து கம்பத்தில் பட்டது. விசில் அடித்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று.

உடை மாற்றும் அறையில் ஆர்ச்சாப் புகை வாசனை இன்னும் போகவில்லை. யாரும் பூட்ஸைக் கழற்றவில்லை. சாமிதீன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“கெட்ட நேரம்ணே. நீங்க பாட்டுக்கு வேர்வையைத் துடைச்சீங்க. அந்த அறிவுகெட்டதுங்க ஓமின்னு நெனச்சுட்டுதுங்க.”

“ஆமா, வேர்வைதான்” என்றான் இன்னொருத்தன்.

“எல்லாருக்கும் வேர்க்கும். அதுல என்ன தப்பு?” என்றார் கோச் ஒரோசோபெக். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

வேர்வை, வேர்வை என்று அறை முழுக்க அந்த வார்த்தை ஒரு சுற்று வந்தது. காற்று, ரெஃப்ரி, வழுக்குப் புல், அந்த வரிசையில் இப்போது வேர்வை. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சாகும்வரை அவனை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொக்தோசுன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“பனியில எவனுக்குடா வேர்க்கும்?” என்றான். “எனக்கு வேர்க்கல. பயந்துட்டேன். இனி ஒரு பந்து வந்தா என்னால முடியாது, இத்தோட முடிஞ்சிரட்டும்னு கையேந்திட்டேன். கிழவர்கிட்ட வாய்கிழியப் பேசிட்டு வந்தவன் நான். ஓமின் சொன்னதும் நான்தான்.”

சாமிதீன் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எனக்கும்தாண்ணே” என்றான், தரையைப் பார்த்து. “ஏப்ரல்லேருந்தே. எண்பது ஆனா கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிரும். எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்.”

“எனக்கும்” என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

கோச் ஒரோசோபெக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். “இதை ஏப்ரல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?” என்றார். “நானும் சொல்லித் தொலைச்சிருப்பேனே.”

தொக்தோசுன் கையுறைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கேலரி காலியாகிவிட்டது. விதைத் தோலெல்லாம் பனியில் மூடிக் கிடந்தது. முதல் வரிசை நடுவில் கோச்கோர் அய்யா மட்டும் உட்கார்ந்திருந்தார். கல்பாக் மேல் இரண்டு விரல் உயரத்துக்குப் பனி.

“எல்லாரும் போயிட்டாங்களா?” என்றார்.

“போயிட்டாங்கய்யா.”

“நான் கையை எடுக்கவேயில்லப்பா. அத்தனை பேரும் ஓமின்னப்பகூட எடுக்கல. கிழவன்தான் காரணம்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது பாரு.”

“சொல்ல மாட்டாங்கய்யா. நான்தான். வேர்வையைத்தான் துடைச்சான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

அய்யா அவனை ஒரு நிமிடம் பார்த்தார்.

“இப்ப எடுக்கலாமா?” என்றார்.

“எடுங்கய்யா. முடிஞ்சுபோச்சு.”

அவரால் எடுக்க முடியவில்லை. கைகள் மரத்துப் போயிருந்தன. தொக்தோசுன் வலித்த முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையையும் மெதுவாக வெளியே இழுத்து, சூடு வரும்வரை தேய்த்தான். அப்புறம் தன் கையுறைகளை அவருக்கு மாட்டிவிட்டான். கையுறைக்குள் அத்தனை பெரிதாகிவிட்ட கைகளை அய்யா சிரமப்பட்டு முன்னால் ஏந்தினார். கலையப்போகிற டீமுக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் வாய் மட்டும் அசைந்தது. தொக்தோசுனும் வெறுங்கையை ஏந்தினான். இருவரும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள்.