வாய் என்னைவிட மூத்தது

அன்று காலை முதலில் தொலைந்தது 'பொன்ஜூர்' என்ற பிரெஞ்சு வணக்கம். குழந்தைகள் காப்பகத்தில் எனக்கு வேலை. ஒரு சிறுமியின் பனித்தொப்பியைக் கழற்றியபடி சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அசைந்தது, சொல் வரவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

பக்கவாதம் என்றார்கள் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவது). கைகால் தப்பிவிட்டன. மிஞ்சியது அப்ராக்ஸியா (தசைகளில் வலு இருந்தும், பேச்சுக்கான அசைவுகளை மூளையால் ஒழுங்குபடுத்த முடியாத நிலை). வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? இனிக் காப்பகத்துக்குப் போக முடியாதே என்று அழுதேன். அழுகை மட்டும் பிசகில்லாமல் வந்தது.

முதல் வாரம் மென்மையான உணவு கொடுக்கச் சொன்னார்கள். விழுங்குவதில் குறையில்லை என்று சோதித்துச் சொன்ன பிறகும் என் கணவர் விடவில்லை. பியர்பொன்ட்ஸ் புறநகரில் எங்கள் வீட்டில் இடியப்பமும் மீன்கறியும் பிளெண்டரில் ஒன்றாகச் சுழன்றன. வாய்க்கு ஓய்வு கொடுத்தால் பேச்சுத் திரும்பும் என்று நம்பினார். யார் என்னைக் கேட்டாலும் பதிலும் அவரே சொன்னார். அன்புதான், எனக்கோ எரிச்சலாக வந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். மென்றால் பேச்சு வந்துவிடாது, மெல்லாமல் இருக்கவும் காரணமில்லை என்றார். பிறகு அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னது என்னோடு தங்கிவிட்டது. தாடை திறந்து மூடும் தாளம் பேச்சைவிட மிகப் பழையதாம். தாய்க் குரங்கு குட்டியைப் பார்த்து உதட்டைச் சப்புக்கொட்டுமே, அதுபோன்ற அசைவிலிருந்து பேச்சு முளைத்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம். காப்பகத்துக் குழந்தைகளின் 'பபப' நினைவுக்கு வந்தது.

அன்று தேங்காய் ரொட்டி கேட்டுச் சைகை காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழ, கண்ணை மூடி மென்றேன். சொற்களே பிறக்காத ஒரு காலத்தில், யாரோ பக்கத்தில் இருக்க, நானும் இருந்தேன். பயமாக இல்லை.

ஒரு காலை கணவர் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு "போட்டு வாறன்" என்று விடைபெற்றார். எங்கள் வீட்டில் இதற்குப் பதில் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

"ஓம், போட்டு வாங்கோ."

சொன்னது நான்தான். திரும்பச் சொல்ல முயன்றேன், வரவில்லை. பழகிய சொல் தானாக வரும், முயன்று சொல்வது பிந்தும் என்று பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார்.

கணவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உடனே தோளில் பனியோடு உள்ளே வந்து, மறுபடி விடைபெற்றார். இப்படி நான்கு முறை. இரண்டு முறை எனக்குப் பதில் வந்தது. பஸ் போய்விட்டது.

இப்போது அரைநாள் காப்பகம் போகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் வாய் சிறிது நேரம் திறந்து கிடக்கிறது. முன்பென்றால் பதறியிருப்பேன். வாய் என்னைவிட மூத்தது, அதன் நடையில் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். தொப்பியைக் கழற்றியபடி "பொன்" என்கிறேன். மீதி வரும்வரை அந்தச் சிறுமி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.