எங்கள் வீட்டுச் சுவரில் அண்ணன் போட்ட கோடு

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கூடப் பிறந்தவள் என்ற உரிமை எனக்கு உண்டு. ஆனால் அண்ணனோடு மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்தவளும் நான்தான். அதைச் சொன்னேன். "அதையும் சேர்த்தே எழுதும்மா. எழுதாம வுட்டா ஊரு பேசுனதுதான் நெலைக்கும்" என்றார் அண்ணி. அதனால் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அவருக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா தன் பங்கு மணிலாக்கடலை நிலத்தை விற்றுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து, மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். அரிசி மண்டியில் எடை போடும் வேலை. நான் பிறந்தது அந்த வீட்டில்தான். தெருவைப் பார்த்த முன் அறை, நடுவில் ஒரு கூடம், சமையலறை, பின்னால் கிணறு. முன் அறையை அப்பா தன் கையாலேயே வருடாவருடம் வெள்ளையடிப்பார். மற்ற அறைகளுக்கு ஆள் வைப்பார். அண்ணன் படித்தது, என்னைப் பெண் பார்க்க வந்தது, அம்மாவின் உடலைக் கிடத்தியது எல்லாம் அந்த அறையில்தான்.

அம்மா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. அப்பா மண்டிக்குப் போவதற்குள் சோறாக்கி, எனக்குத் தலை பின்னிவிட்டு, பிறகு அண்ணன் கல்லூரிக்கு ஓடுவார். பின்னல் எப்போதும் கோணலாக இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

நில அளவராக வேலை கிடைத்து வந்தவாசி, போளூர், செங்கம் என்று பல ஊர்களில் இருந்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டியபின் சொந்த ஊருக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு அப்பா வீட்டுக்கே வந்தார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் எல்லைக்கல் நட்டுக் கொடுத்தவர் அண்ணன்தான். முட்செடிகளும் பாறைகளுமாக இருந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று அளந்து கொடுத்துவிட்டு, நீங்கள் கொடுத்த மோரை மட்டும் குடித்துவிட்டு வருவார். உறவென்பதற்காக யாருக்கும் அரை அடி கூட்டிக் கொடுத்ததில்லை. அதற்காகச் சிலர் முகம் சுளித்ததும் எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதில் ஒரு வாடகை சைக்கிள் கடை, ஒரு அச்சகம், எதிரே ஒரு முறுக்குக் கடை, மற்றபடி ஓட்டு வீடுகள். முறுக்குக் கடைக்காரரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கடையும் வீடும் அவருக்கு ஒன்றே. முன்னால் அடுப்பு, பின்னால் ஒரே அறையில் குடும்பம். எங்கள் கிணற்றடியில் நின்றால் மலை முழுதாகத் தெரியும். பௌர்ணமிக்கு வருகிற கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் லாட்ஜ் எழும்பியது. அச்சகம் செல்போன் கடையானது. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, மேலே மேலே மாடிகள் வந்தன. கிணற்றடியில் மலை பாதியாகி, பிறகு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தே போனது. தெருவில் ஒரு கார் நுழைந்துவிட்டால் எதிரே வருகிற ஆட்டோ பின்னோக்கியே போக வேண்டிய நிலை. அகலப்படுத்த வேண்டும் என்று தெருவில் எல்லோரும்தான் பேசினோம். அப்பாவும் பேசினார்.

பேச்சு உத்தரவாக வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய பதிவேட்டின்படி தெரு இப்போது இருப்பதைவிட மிகவும் அகலம். இருபுறமும் காலப்போக்கில் வீடுகள் முன்னால் நகர்ந்து வந்திருக்கின்றன. எங்களுக்கு விற்றவர் தெரு நிலத்தில்தான் முன் அறையைக் கட்டியிருந்தார். அப்பாவுக்கு அது தெரியாது. தெருவை அளந்து, இடிக்க வேண்டிய பகுதிக்குச் சிவப்புக் கோடு போடும் வேலை அண்ணனிடம் வந்தது.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில் உடன் வேலை செய்த ஒருவர், "சர்வேயர் நெனைச்சா நாலஞ்சு அடி அப்படி இப்படிப் பண்ணலாம் டீச்சர். தெருவோட சென்டரைத் தள்ளி வச்சா போதும்" என்று சொன்னார். அதைக் கேட்ட அன்று மாலையே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு, இரவு அங்கேயே தங்கினேன். அதுவரை அப்பா மனதைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தார். நான் சொன்ன பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாள் காலை அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சென்டரை நாலஞ்சு அடி அந்தாண்ட தள்ளி வையேன்டா. பாதி ரூமாவது தப்பிச்சிக்கும்."

"அந்தாண்ட தள்ளுனா மாமா கடை முழுசாப் போயிடும்பா. இப்பவே அவருக்குப் பாதி போவுது. மீதி பாதில எப்படியோ இருந்துப்பாரு."

"அவன் கடை பெருசா, என் வூடு பெருசா?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெத்தவன் கேக்கறேன்டா."

"கோடு எங்க வரணுமோ அங்கதான்பா வரும்."

நான் அப்போது கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். "இன்னாண்ணா இது, நாலஞ்சு அடிதானே" என்றேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். யார் அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு அலுவலகம் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அளக்க வந்தார். தெரு முனையிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவர் எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்கினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவரோடு இருந்த ஒரு உதவியாளர் உடன் வந்திருந்தார். அப்பா முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கச் சுவரில், சன்னலுக்கு உட்புறமாக, அண்ணன் பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். முன் அறை முழுவதும் கோட்டுக்கு வெளியே போனது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு எதிரே போய் மாமா கடையிலும் போட்டார். மாமா அடுப்பை அணைத்துவிட்டு, "சொந்த அப்பனுக்கே இரக்கம் பாக்காதவன், நமக்கா பாக்கப் போறான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பதவி உயர்வுக்காகச் செய்தார் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். பெயர் வாங்குவதற்காகத் தன் வீட்டையே முதலில் பலி கொடுத்தார் என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

பொக்லைன் வந்த அன்று அப்பாவை நான் என் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டேன். முன் அறை விழ அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். திரும்பி வந்தபோது கூடம் தெருவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. போகிறவர்கள் எல்லாம் அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அண்ணன் ஆள் வைத்து அங்கே ஒரு சுவர் எழுப்பினார். அந்தச் சுவருக்கு அப்பா வெள்ளையடிக்கவே இல்லை. அண்ணனோடு பேச்சையும் அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் குடும்பத்தோடு வேங்கிக்காலுக்குக் குடி போனார். தினமும் மாலையில் அண்ணி சாப்பாடு கொண்டு வருவார். அண்ணன் வண்டியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அப்பா இறக்கும்வரை, பின்வந்த ஐந்து ஆண்டுகளும் அப்படித்தான்.

அதன் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வரிசையில் ஏழு வீடுகளும் எதிரே மாமா கடையில் பாதியும் இடிந்ததோடு வேலை நின்றது. மீதித் தெருவை யாரும் தொடவில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லவும் ஆளில்லை. அண்ணன் போட்ட மற்ற கோடுகள் மழையில் வெளுத்து, கார்த்திகை தீபத்துக்கு அடித்த புதுச் சுண்ணாம்பில் மறைந்தன. தெரு ஓரிடத்தில் மட்டும் வயிறு புடைத்ததுபோல அகன்று, மறுபடி குறுகிப்போகிறது. எங்கள் முன் அறை இருந்த இடத்தில் இருசக்கர வண்டிகளை நிறுத்துகிறார்கள். அப்பா கூடத்துச் சன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இடித்து மூன்று ஆண்டுகள் ஆனபின் ஒருநாள் என்னிடம், "வண்டி வுடறதுக்குத்தான் இடிச்சானா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். அன்றிலிருந்து நானும் அண்ணனோடு பேசுவதை விட்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்தபோது அண்ணன் தினமும் வந்து கதவருகில் நிற்பார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அண்ணன் பத்து நிமிடம் நின்றுவிட்டு, நர்ஸிடம் விவரம் கேட்டுக்கொண்டு போய்விடுவார். கொள்ளி வைத்தது அண்ணன்தான். சுடுகாட்டிலிருந்து வந்தபின் அவரிடம் பேசலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பேச மேலும் ஓராண்டு ஆயிற்று. அப்போதும் தெருவைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை மாத்திரை, மழை என்று பேசினோம்.

வீட்டை விற்பதென்று முடிவு செய்தபோது அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பக்கத்து லாட்ஜ்காரர்களே வாங்கி இடித்துச் சேர்த்துக் கட்டினார்கள்.

ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறியது. ஊரையே காலால் அளந்தவர் கட்டிலுக்கும் வாசலுக்கும் இடையில் நடக்கச் சிரமப்பட்டார். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, டவுனைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஆட்டோவில் அழைத்துப் போனேன். மாட வீதியில் புதுச் சாலை பளபளவென்று இருந்தது. இருபுறமும் ஓட்டல்கள், ஜூஸ் கடைகள், விளக்குப் பலகைகள். எங்கள் தெருவில் நுழைந்ததும் அண்ணன் வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். ஆட்டோ தெருவைக் கடந்து மறுமுனைக்கு வந்துவிட்டது.

"நம்ம வூடு எது பாப்பா?" என்றார்.

ஆட்டோவைத் திருப்பச் சொல்லிக் காட்டினேன். லாட்ஜின் கண்ணாடிக் கதவு இருந்த இடம். வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். எதிர்ப்பக்கம் மாமாவின் பாதிக் கடையில் இப்போது அவர் மகன் செல்போன் உறை விற்கிறார். உள்ளே மாமாவும் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார், கண்டுகொள்ளவில்லை.

"சரி, போலாம்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவர் எங்கும் வெளியே வரவில்லை. ஒரு காலையில், அண்ணி காபி கொண்டு போனபோது, போயிருந்தார்.

அடக்கத்தின்போது மாமா வேங்கிக்கால் வரை வந்து, தெருவின் எதிர்ச் சாரியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார் என்று பிறகு சொன்னார்கள். உள்ளே வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, டேப் பிடித்த அந்த உதவியாளர் வந்திருந்தார். இப்போது நன்றாக வயதாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உங்க தெருவுக்கு உத்தரவு வந்தப்போ ஆபீசரு சாரைக் கூப்ட்டு, உங்க சொந்த வூடு இருக்குது, நீங்க லீவு போட்டுக்குங்க, வேற ஆளை அனுப்புறேன்னு சொன்னாரு. சாருதான் வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

"நானும் கேட்டேம்மா. வேற ஆளு வந்தா எங்கப்பா அவன் கால்ல வுழுவாருய்யா. வுழுந்தாலும் கோடு மாறப் போறதில்ல. நான்னா திட்டுவாரு, அதோட போயிடும்னாரு."

அவரே தொடர்ந்தார்.

"கோடு போடறதுக்கு முந்துன நாளு விடியக்காலைல, தெருவுல யாரும் எழுந்துக்கறதுக்கு முன்னாடி, என்னை இட்டுக்கினு வந்து மூணு தபா அளந்தாரும்மா. ஒரு அடியாவது கம்மியா வருதான்னு பாத்தாரு. வரல. டேப்பைச் சுத்தி என் கைல குடுத்துட்டு அப்படியே நின்னாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. இனிமே சொன்னா இன்னா, அதான் சொல்றேன்."

அண்ணன் எதிர்பார்த்ததுபோல் அது திட்டோடு போகவில்லை. அப்பாவை அவர் யார் காலிலும் விழாமல் காத்தார். அதற்கு அவர் இழந்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோயில் கிடந்த இரண்டு ஆண்டுகளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், வாரம் தவறாமல் வந்து நடைப் பயிற்சி கொடுத்தவருக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், அடக்கத்தன்று பந்தல் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த வேங்கிக்கால் அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எதிர்ச் சாரியில் வந்து நின்ற மாமாவுக்கும் நன்றி. இந்த மலரை அவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை.

உதவியாளர் சொன்ன நாளிலிருந்து ஒரே நினைப்புதான் எனக்கு. அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, இனிக் கேட்க முடியாது. அப்பாவுக்கு இதைச் சொல்லவும் வழியில்லை. உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.