மூன்று விரலோடு நின்ற தண்ணீர்

எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அந்த வருடம் தாராவியில் எங்கள் சந்தே காதைப் பொத்திக்கொள்ளும்படி நாங்கள் போட்ட சண்டையெல்லாம் ஒரு படகின் அடிப்பாகத்துக்காகத்தான்.

எங்களுடைய ரிமோட் கார் சக்கரம் உடைந்து கிடந்தது. மோட்டார் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் ஒரு சின்ன விசிறியை மாட்டி, தெர்மாகோல் மேல் நிறுத்தினால், காற்றைத் தள்ளிக்கொண்டு படகு போகும் என்று கண்டுபிடித்தவன் அண்ணன். அதுவரைக்கும் ஒற்றுமைதான். பிறகு அவன் கூர் அடி வேண்டும் என்றான், நான் தட்டை அடி வேண்டும் என்றேன். ஆளுக்கொரு படகு செய்தோம். அவன் நாலு நாள் உட்கார்ந்து தெர்மாகோலைச் சீவி, டேப் சுற்றி, கப்பல் மாதிரியே ஒன்றைச் செய்தான். நான் மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்கிய பெட்டி மூடியை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

இருந்தது ஒரே மோட்டார், ஒரே ரிமோட். எந்தப் படகு ஜெயிக்கிறதோ அதற்கு மோட்டார், அதைச் செய்தவர் கையில் ரிமோட். அண்ணன் அந்த ரிமோட்டை அதுவரை ஒரு தடவைகூட என்னிடம் தந்ததில்லை. அதனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையை எங்கே வைப்பது? காலையில் ஒரு மணி நேரம் வரும் குழாய்த் தண்ணீரை அம்மா விளிம்பு வரை பிடித்து வைத்திருந்த நீல டிரம்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரே கடல். அவன் படகு அதில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று நின்றது. என்னுடையது தண்ணீரின் மேல் மீன் வாடையைப் பரப்பியது.

"ஏட்டி, குடிக்க தண்ணியிலயா மீன் பெட்டியப் போட்ட!" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அன்று முழுக்க எதிர்வீட்டுச் சாச்சி தந்த தண்ணீரைத்தான் குடித்தோம். நடுவரும் அண்ணனே என்பதால் மோட்டார் கூர் அடிப் படகுக்குப் போனது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானத்துக்குள் சந்தில் தண்ணீர் நின்றுவிட்டது. அண்ணன் கம்பீரமாகப் படகை இறக்கினான். அதன் கூர் தரையில் தட்டி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. விசிறி மட்டும் வீணாகச் சுற்றியது. எனக்கு வந்த சிரிப்பில் நானும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாலு விரல் தண்ணி வரட்டும், பறக்கும் பாரு," என்றான்.

எங்கள் வாசலில் கட்டியிருந்த சிமென்ட் தடுப்பின் உயரமும் அதே நாலு விரல்தான். அதன்மேல் விரல்களைப் படுக்கவைத்து அளந்துகொண்டே இருந்தோம். ஆச்சரியம், அம்மாவும் உள்ளே இருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன வெரலு நிக்கிட்டி?"

"ரெண்டும்மா!"

கொஞ்ச நேரத்தில் அரிசி டின் கட்டில்மேல் ஏறும் சத்தம் கேட்டது. மறுபடியும் அதே கேள்வி. நான் மூன்றை இரண்டு என்றேன், அண்ணன் மூன்றை நாலு என்றான். அம்மா வெளியே வந்து தன் கையையே வைத்துப் பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

"இன்னும் ஒரு வெரலு ஏறட்டும்மா," என்றான் அண்ணன் ஆசையாக.

"வாயக் கழுவுல! ஒன் படகு ஒண்ணும் ஓட வேண்டாம். மோட்டார அவகிட்ட குடு. ரெண்டு பேரும் வாசல விட்டு நகராதிய."

அம்மா என் கட்சி! நான் குதித்த குதியில் சந்துச் சுவரெல்லாம் நனைந்தது. மீன் பெட்டி மூடியில் மோட்டாரை மாட்டினோம். ரிமோட் என் கைக்கு வந்தது. அதன் சூட்டை இப்போதும் உள்ளங்கையில் உணர்கிறேன். படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போனது. வாசலுக்கு வாசல் கைதட்டினார்கள். எதிர்வீட்டில் நெருப்புப்பெட்டி நனைந்துவிட்டது என்று சாச்சி சொன்னதும், எங்கள் வீட்டுப் பெட்டியை ஏற்றி அனுப்பினேன். ஒரு துளி படாமல் போய்ச் சேர்ந்தது. சாச்சி அதே படகில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினாள். அண்ணன்கூடக் கைதட்டினான்.

சாயங்காலம் மழை விட்டது. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அப்பா தண்ணீரில் நடந்து வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன வெரலு வந்துச்சு?"

"மூணுப்பா!"

அவர் குனிந்து தடுப்பைத் தொட்டுப் பார்த்தார். கட்டில்மேல் அடுக்கியிருந்த சாமான்களையும் அம்மாவையும் பார்த்தார். "மூணோட நின்னுச்சே, அது போதும்," என்றார்.

அப்பாவும் என் கட்சிதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அண்ணன் பாவம், நாலு நாள் சீவிச் செய்த படகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூர் அடிப் படகின்மேல் இவர்கள் இரண்டு பேருக்கும் அப்படி என்னதான் கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை.