ஆவியக்கா மாநாட்டுக்குப் போன கதை

மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், பத்தொன்பது வருஷமாகத் துணி தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் நின்றவள் அவள். ஈர விரிப்பு உருளைக்குள் நுழைந்ததும் குபுகுபுவென்று வெள்ளையாய் ஆவி கிளம்பி ஆளையே மூடிவிடும். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். அதனால் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர் விழுந்தது. மேல்மாடி வார்டில் யாராவது, "ஆவியக்கா மேல வர்றாங்களாம்" என்று சொல்லும்போது புதிதாய் வந்த நோயாளிகள் போர்வையை இழுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியவளே அவள்தான்.

தொழிற்சங்கம் என்றால் அவளுக்கு மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, அவ்வளவுதான். அந்த வருஷம் தேசிய மாநாடு வந்தது. மருத்துவமனைக் கிளையிலிருந்து இரண்டு பேர் போகலாம். ஒருவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டும் பெரியவர். வண்டியில் இருக்கும் சைரன் பழுதானாலும் அவர் குரலே போதும் என்பதால் அவருக்குச் சைரன் என்றே பெயர். நான்கு மாநாடு பார்த்தவர். அவர்தான் அந்த மாதக் கூட்டத்தில் மாநாட்டுத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முப்பத்தேழாவது தீர்மானம், வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு தர வேண்டும் என்று இருந்தது.

"அப்ப நாங்க?" என்று கேட்டாள் ஆவியக்கா.

சைரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டவளையே அனுப்பிவிடலாம் என்று யாரோ சொல்ல, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். திருத்தத்தை அவள் பெயரில் எழுதி அனுப்புவது என்றும், மேடையில் சைரன் பேசுவது என்றும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றும் முடிவாயிற்று. விண்ணப்பப் படிவத்தைச் சைரன்தான் நிரப்பினார்.

வீட்டில் புருஷன், மூன்று நாள்தானே, போய் வா என்றார். எட்டு மாதமாகப் பேசாமலிருந்த நாத்தனார், செய்தி கேட்டுச் சக்கரம் வைத்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எதற்காகச் சண்டை போட்டோம் என்பது இருவருக்கும் சரியாக நினைவில்லை. பெட்டியில் என்னென்ன வைப்பது என்பதில் புதிதாக ஒரு சண்டை போட்டுச் சமாதானமானார்கள்.

ரயிலை விட்டு இறங்கியதுமே ஊர்வலம். நிலையத்திலிருந்து மாநாட்டு மண்டபம் வரை நான்கு கிலோமீட்டர், கடல் போலக் கூட்டம். சைரன் முன்னால் போய்க் கோஷம் கொடுத்தார். ஆவியக்கா முதலில் உதட்டை மட்டும் அசைத்தாள். இரண்டாவது தெருவில் லேசாகக் குரல் வந்தது. நான்காவது தெருவில், மாடி சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயதில் நடுத்தெருவில் கத்துவது இத்தனை சுகமாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் சைரன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெந்நீர் குடித்தார், கொப்பளித்தார், மறுபடி திறந்தார். மறுபடியும் காற்று. பன்னிரண்டு பக்கப் பேச்சை அவள் பக்கம் நகர்த்தி, கைதுடைக்கும் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: நீ பேசு.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். வெளியே ஓடிப்போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"நான் பேசணுமாம்ங்க. மூவாயிரம் பேருக்கு முன்னாடி."

"வீட்ல பேசுறதுல பாதி பேசு, போதும்," என்றார் அவர். "முழுசாப் பேசினா மாநாடு தாங்காது."

மண்டபத்தில் நேரம் ஆமையாய் நகர்ந்தது. முப்பத்தேழு வந்தபோது மணி பன்னிரண்டு. மேடையில் இருந்த தலைவி காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி பார்த்தார்.

"திருத்தம் கொண்டு வருபவர்... ஆவி," என்றவர், சற்று யோசித்து, "ஆவி வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

பழக்கதோஷத்தில் சைரன் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார். மண்டபம் சிரிப்பில் வெடித்தது. பின்வரிசையில் ஒருவர், வந்திருந்தால் விளக்கை அணைத்துக் காட்டட்டும் என்றார். ஆவியக்கா மைக் வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பேச மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷம் சிரிப்பிலேயே போயிற்று, அதில் பாதி அவளுடைய சிரிப்பு. பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"நான் ஆவிதான், ஆனா உயிரோடதான் இருக்கேன்," என்றாள். "வெள்ளைத் துணிக்கு நடுவுல நிக்கிற வேலை, அதனால சந்தேகம் வரலாம். ஆஸ்பத்திரி லாண்டரி. தீர்மானத்துல வெயிலில் வேலை செய்றவங்கன்னு போட்டிருக்கு. அவங்களுக்குக் கட்டாயம் ஓய்வு வேணும். எங்க இடத்துல வெயிலே கிடையாது, சன்னல் இருந்தாத்தானே. போன மாசம் வார்டுலருந்து காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து உருளை பக்கத்துல மாட்டினேன். நாப்பத்திரண்டு வரைக்கும்தான் அதுல கோடு. பாதரசம் கடைசிக் கோட்டுல போய் நின்னுடுச்சு. மேல போறதுக்கு இடமில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு மனுஷனுக்கு அவ்வளவு காய்ச்சல் இருந்தா நீங்க எழுந்து நிக்க விடமாட்டீங்க. நாங்க அதுக்குள்ளதான் எட்டு மணி நேரம் நிக்கிறோம். பெருசா ஒண்ணும் கேக்கல. 'வெயிலில்'ங்கறதை எடுத்துட்டு 'வெப்பத்தில்'னு போடுங்க. ரெண்டு எழுத்துதான் கூட வரும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். மண்டபத்தின் மறுகோடியில் கொதிகலன் தொழிலாளி ஒருவர் எழுந்து, நாங்களும் கூரைக்கு அடியில்தான் வேகிறோம் என்றார். ரொட்டி ஆலைக்காரர்கள் ஒரு வரிசையாக எழுந்தார்கள். வார்ப்படக்காரர்கள் எழுந்தார்கள். தலைவி வாக்கெடுப்புக்கு விட்டார். மஞ்சள் அட்டைகள் வயல் போல எழும்பின. ஆவியக்கா ஒரு கையில் அட்டையும் மறு கையில் சைரனின் பன்னிரண்டு பக்கமுமாக இரண்டு கைகளையும் தூக்கி நின்றாள். எண்ண வந்தவர், ஒன்றை இறக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். திருத்தம் நிறைவேறியதாக அறிவித்ததும் காதைக் கிழிக்கும் ஒரு விசில் கேட்டது. சைரன் இரண்டு விரலை வாயில் வைத்து நாற்காலி மேல் நின்றிருந்தார். தொண்டைதான் போயிருந்தது.

அதன் பிறகு அன்று முழுவதும் அவள் கால் தரையில் படவில்லை. முன்பின் தெரியாத பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். உணவு இடைவேளையில் மண்டபத்தின் நகரும் படிக்கட்டில் காரணமே இல்லாமல் நான்கு தடவை மேலே போய்க் கீழே வந்தாள். ஐந்தாவது தடவை தலைவியும் கூட வந்தார். பெயருக்காக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள் என்றாள் அவள்.

மருத்துவமனை நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை, கையெழுத்து என்று ஏழு மாதம் இழுத்தது. நடுவில் இரண்டு முறை கைவிட்டுப் போகும்போல் இருந்தது. இரண்டு முறையும் ஆவியக்கா கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். கடைசியில் அடித்தளச் சுவரில் பெரிய வெப்பமானி ஒன்று வந்து தொங்கியது. அதில் அறுபது வரை கோடு இருந்தது. பக்கத்திலேயே ஓய்வு நேர அட்டவணை.

முதல் நாள், முதல் பத்து நிமிஷம். உருளையை நிறுத்திவிட்டுச் சலவைப் பிரிவின் ஐந்து பெண்களும் கட்டடத்தின் பின்பக்கம் வந்தார்கள். சோப்பு வந்த காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். காற்று அடித்தது. பத்தொன்பது வருஷத்தில் ஆவியக்கா வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி மடியில் வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு கீழே கிடந்த ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்து ஆவியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்தவளுக்கும் தொற்றியது. கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் ஆவியக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓய்வு எடுக்கிறோம்."