பதினோரு பேருக்கும் ஒரே அப்பா

நகராட்சி அலுவலகத்தில் மொத்தம் ஏழு ஜன்னல். ஆறு ஜன்னல்களில் எப்போதும் சந்தைக்கடைச் சத்தம். தண்ணீர் வரவில்லை, வரி ஏறிவிட்டது, போன மாதம் கொடுத்த மனு எந்தக் குப்பைக்குப் போனது என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருப்பார்கள். நாலாவது ஜன்னலில் மட்டும் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அதற்கு மேலே ‘ஈமச்சடங்கு உதவித்தொகை’ என்று எழுதியிருக்கும். செத்தவரை அடக்கம் செய்யக்கூட வழியில்லை என்று நாலு பேர் காதுபடச் சொல்ல வந்து நிற்கிறவர்களுக்குக் குரல் எங்கிருந்து எழும்பும்?

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த அம்மாளை எல்லோரும் நாலாம் ஜன்னல் என்றேதான் சொல்வார்கள். அவள் புருஷன்கூட, வீட்டில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், “இன்னைக்கு ஜன்னல் சாத்தியிருக்கு போல” என்று சொல்லிவிட்டுத் தானே தோசை ஊற்றிக்கொள்வார். வேலையில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி நீட்டிவிடுவாள். ஆனால் நீட்டும்போதே பேனாவையும் சேர்த்து நீட்டுவாள், நாற்காலியைக் காட்டுவாள். இத்தனை வருஷத்தில் தணிக்கைக்காரர்கள் அவளுடைய ஒரு கோப்பில்கூடச் சிவப்பு மை வைத்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

விதி இதுதான். ஏழை வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், உறவினர் ஒருவர் வந்து படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் அவர் கையில் வராது. பெட்டி, வண்டி, குழி, கடைசியில் ஒரு தகடு, எல்லாவற்றுக்கும் நகராட்சியே நேராகக் கொடுத்துவிடும். தகட்டில் இறந்தவர் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், கீழே தகப்பன் பெயர். ஏழு நாளில் உறவென்று யாரும் வரவில்லையானால் உடல் நம்பர் வரிசைக்குப் போய்விடும். மயானத்தின் பின்பக்கச் சுவரையொட்டி உள்ளங்கை அகலச் சிமெண்டுக் கல், அதில் ஒரு நம்பர். அவ்வளவுதான் மனுஷன். இந்த விதியைப் போட்டவர்கள் நல்லவர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உறவே இல்லாதவன் என்ன செய்வான் என்று அவர்களில் ஒருத்தராவது ராத்திரி தூக்கம் கெட்டு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அந்த வருஷம்தான் பழைய கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை, கூட்டம் ஓய்ந்த மதியத்தில், அவள் ஒரு பழைய படிவத்தின் தகப்பன் பெயரைத் தட்டினாள். திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. இதே தகப்பனுக்கு இறந்த பிள்ளைகள் ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்களாம். இவரோடு பதினொன்று.

பெரிய குடும்பம்தான், பாவம் என்று முதலில் நினைத்தாள். பிறகு பிறந்த தேதிகளைப் பார்த்தாள். ஒருவர் ஜனவரியில் பிறந்திருந்தார். அடுத்தவர் அதே வருஷம் மே மாதம். ஒரு தாய்க்கு நாலு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். பதினோரு கோப்புகளையும் அலமாரியிலிருந்து இறக்கினாள். பதினொன்றிலும் மனுதாரர் ஒரே பெண். உறவு என்ற கட்டத்தில் பதினோரு முறையும் ‘தங்கை’. அதில் ஒரு ‘அண்ணன்’ அந்தத் தங்கையைவிட ஒன்பது வயது இளையவர். எல்லாவற்றுக்கும் அடியில் ஜம்மென்று நாலாம் ஜன்னலின் கையெழுத்து.

ஆளையும் அவளுக்குத் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்தோடு வருவாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தனி ஆண்கள் தங்கும் பழைய விடுதி ஒன்று உண்டு. மூன்று மாடி, இருபத்திரண்டு அறை, மாடிக்கு ஒரு குழாய். அங்கே கூட்டிப் பெருக்கி, சாவி பார்த்துக்கொள்கிறவள். சாவிக்கொத்து என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். பதினாலு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை அல்லது சற்றுக் கூடக் குறைய வந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ நாலாம் ஜன்னலே மனசு கேட்காமல், “உங்க குடும்பத்துல ஆம்பளைங்களுக்கு ஆயுசு கம்மியாம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க மேடம்” என்றிருக்கிறாள். அது ஞாபகம் வந்ததும் நாலாம் ஜன்னல் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன தைரியம் இந்தப் பொம்பளைக்கு!

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. பதினோரு மனுவும் ஆறாம் நாளில் கொடுத்தவை. ஒன்றுகூட முதல் நாளில் இல்லை, மூன்றாம் நாளில் இல்லை. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே மயானத்துக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பி வைத்தவள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கோப்பில் இருந்த இடக்குறிப்பை வைத்துத் தேடினாள். பதினோரு தகடும் ஒரே இடத்தில் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஆனால் தேடுவது கஷ்டமாக இல்லை. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடக்க, அந்தப் பதினோரு இடத்தில் மட்டும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. தகடுகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். கோப்பின்படி பெயிண்டர், சமையல்காரர், மூட்டை தூக்கினவர், கோர்ட் வாசலில் மனு எழுதினவர், ஒருவருக்கொருவர் ஒட்டில்லை உறவில்லை. பதினோரு பேருக்கும் கீழே அந்த ஒரே தகப்பன் பெயர்.

கோபத்தோடு போனவள்தான். சட்டத்தை ஏமாற்றியவளைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனவள்தான். ஆனால் ஆறாவது தகட்டுக்கு முன்னால் நின்றபோது, ஒரு ராஜாவுக்குக்கூட, செத்த பிறகு இத்தனை வருஷம் இப்படித் தவறாமல் புல் வெட்ட ஆள் கிடைக்குமா என்று தோன்றியது. ஏழாவதுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பியதும் புத்தி வேறு கணக்குப் போட்டது. பொய் உறுதிமொழி குற்றம். வெளியே தெரிந்தால் சாவிக்கொத்துக்கு வேலை போகும், வழக்கும் வரும். பதினோரு பொய்க்கும் கீழே கையெழுத்துப் போட்டவள் கதி என்ன? இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குச் சாவிக்கொத்து வந்து நின்றாள். கையில் பன்னிரண்டாவது படிவம்.

பதினாலாம் நம்பர் அறைக்காரர். நாற்பது வருஷம் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். தியேட்டரை இடித்த பிறகும் சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு விடுதி வாசலில் நிற்பாராம், பழக்க தோஷம். அவர் இறந்து அன்றோடு ஆறு நாள். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நம்பர் வரிசைக்கு எடுத்துவிடுவார்கள். நாலாம் ஜன்னல் படிவத்தைப் பார்த்தாள். உறவு: தங்கை. தகப்பன் பெயர்: அதே பெயர்.

அவள் பதினோரு கோப்புகளையும் மேஜைமேல் அடுக்கினாள். சாவிக்கொத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஓடவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்க அம்மா நாலு மாசத்துல ரெண்டு பிள்ளை பெத்தாங்களா?” என்று நாலாம் ஜன்னல் மெதுவாகக் கேட்டாள்.

“என்னை என்ன வேணா பண்ணுங்க மேடம். ஆனா அவரு நாளைக்கு அந்தச் சுவத்தோரம் போயிடுவாரு. இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு அப்புறம் பிடிச்சுக் குடுங்க.”

நாலாம் ஜன்னல் அவளைப் பக்கக் கதவு வழியாக உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். ஏன் எப்போதும் ஆறாம் நாள் என்று கேட்டாள். ஒருவர் இறந்ததும் அவருடைய பெட்டியில் இருக்கிற பழைய கடிதாசு, போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்து, எங்கெங்கோ தகவல் சொல்லி, ஐந்து நாள் காத்திருப்பாளாம். நிஜமான சொந்தம் வந்துவிட்டால் தனக்கு அங்கே என்ன வேலை? இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறார்களாம். அந்த இரண்டு நாளும் தனக்கு வாழ்நாளிலேயே நல்ல நாள் என்றாள். யாரும் வராதபோதுதான் ஆறாம் நாள் தங்கையாகிவிடுவது.

“சரி, நீங்க எங்க தூங்குறீங்க?”

“மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம் இருக்கு. பத்தொம்பது வருஷமா.”

நாலாம் ஜன்னல் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி உண்டு. உறவினர் இல்லாதபோது, இறந்தவரோடு ஒரே கூரையின் கீழ் வசித்தவர் பொறுப்பேற்று மனுச் செய்யலாம். விடுதிக்காரரின் கடிதம் ஒன்று போதும். சாவிக்கொத்து இத்தனை வருஷமும் பொய் சொல்லியிருக்கவே வேண்டாம். பதினோரு கோப்பையும் அந்த வரியின் கீழ் கொண்டுவந்து, உறவைத் தவறாக எழுதிவிட்டார்கள், கவனிக்காதது தன் பிழை என்று மேலதிகாரிக்குத் தானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நாலாம் ஜன்னலுக்கு அந்த நிமிஷத்திலேயே தோன்றிவிட்டது. முதல் சிவப்பு மை விழும். விழட்டும்.

“புதுசா எழுதுங்க. உறவு இல்லை, ஒரே கூரைன்னு போடுங்க. அப்பா பேரு தெரியாதுன்னு போடுங்க.”

சாவிக்கொத்து அழுதது அப்போதுதான். பிடிபட்டதற்கு அழாதவள், தப்பித்ததற்கு அழுதாள் என்று நாலாம் ஜன்னல் நினைத்தாள். அப்படியில்லை.

“பேரு இல்லாம தகடு மொட்டையா இருக்குமே மேடம்.”

“அதுக்காக எல்லாருக்கும் உங்க அப்பா பேரையா எழுதுவீங்க? ஏதோ ஒரு பேரை எழுதியிருந்தா நானே கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

சாவிக்கொத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயது. வேறொரு ஊரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இங்கே செத்த தகவல் ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தது. அவருக்கு இவள் ஒருத்தியைத் தவிர யாரும் கிடையாது. ஓடிவந்து கேட்டபோது மயானத்துக்காரர் சுவரோரம் கையைக் காட்டி, இந்த வரிசையில் எங்கேயோ என்று சொன்னார். எந்தக் கல் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

“அவரு பேரை எழுத அவருக்குன்னு ஒரு தகடு இல்லை மேடம். மத்தவங்களுக்கு எழுதுறப்ப, அவரு பேரும் எங்கயாவது இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன். பொய்தான் எழுதினேன். ஆனா அப்பா பேருங்கற கட்டத்துல எப்படிப் பொய் சொல்றது?”

சொந்தமாக ஒரு தகடுகூட இல்லாத மனுஷன், பதினோரு பேருக்குத் தகப்பனாக அந்த மயானம் முழுக்க நிற்கிறான். பெற்றது ஒரே ஒரு பெண். அவள் பதினோரு பிள்ளைகளை அவனுக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். நினைக்க நினைக்க நாலாம் ஜன்னலுக்கு மலைப்பாக இருந்தது. மலைப்புக்கு நடுவே நெஞ்சில் முள்ளாக ஒன்று குத்தியது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. நம்பர் வரிசையில் இருப்பவரின் சொந்தம் எப்போது வந்து கேட்டாலும், ஏழையானால் செலவில்லாமல், பெயர்த் தகடு வைத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கோப்பில் போட்டு நூல் கட்டி வைத்தவள் அவளேதான். யாரும் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெண் முதல் தடவை வந்து நின்றபோதே அது அலமாரியில் இருந்தது.

அவள் எழுந்து பதிவறைக்குப் போனாள். இறந்த தேதியைச் சாவிக்கொத்து கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருந்தாள். நாற்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய பேரேட்டைத் தூசி தட்டி இறக்கி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். மங்கிய ஊதா மையில் அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் முந்நூற்றுப் பதினேழு என்ற நம்பர். நேற்றுப் பார்த்த பதினோரு தகட்டிலும் இருந்த அதே பெயர்.

திரும்பி வந்தபோது டிக்கெட் கிழித்தவரின் படிவம் ஒழுங்காக நிரம்பியிருந்தது. முத்திரை குத்தி, மறுநாள் காலை வண்டிக்குச் சொல்லிவிட்டு, இன்னொரு வெறும் படிவத்தை எடுத்து வைத்தாள்.

“இது யாருக்கு மேடம்?”

“உங்க அப்பாவுக்கு. முந்நூத்திப் பதினேழாம் நம்பர் கல்லு. தகடு வெச்சுத் தருவோம். நான் எப்பவோ சொல்லியிருக்கணும்.”

முந்நூற்றுப் பதினேழு, முந்நூற்றுப் பதினேழு என்று சாவிக்கொத்தின் உதடு அசைந்தது. பிறகு பேனாவை எடுத்தாள். இறந்தவர் பெயர் எழுதினாள், தேதி எழுதினாள். உறவு என்ற கட்டத்தில் பழக்கத்தில் கை தானாக ஓடி, ‘தங்கை’ என்று எழுதிவிட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சாவிக்கொத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடித்தல் திருத்தல் இருந்தால் ஏற்க மாட்டாள் நாலாம் ஜன்னல், அது ஊருக்கே தெரியும். அவள் அந்தப் படிவத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை நீட்டினாள், பேனாவையும் சேர்த்து.

“அவசரமில்லை. நிதானமா எழுதுங்க.”

சாவிக்கொத்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்: மகள்.