வெள்ளெழுத்து விலகிய கண்

எரிந்துபோன மோட்டாரின் வயிற்றில் கருகிக் கிடக்கும் கம்பியை உருவி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புதுச் செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். கம்பியின் கனத்துக்கு கேஜ் என்று பெயர். மற்றவர்கள் அதை அளவுகோலில் நுழைத்துப் பார்ப்பார்கள். இவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார், சொல்லிவிடுவார். அதனால் பட்டறையில் அவருக்குக் கேஜ்காரர் என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வெள்ளெழுத்து வந்து, கிட்டத்தில் இருப்பது மங்கி, மூக்கில் கண்ணாடி ஏறியது பெரிய தலைகுனிவாக இருந்தது. யாராவது பட்டறைக்குள் வந்தால் சட்டென்று கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். பல வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலையில் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனவருக்குக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியின் ஊசியைப் பிடுங்கினார்.

"இங்க பாருடி." முதல் குத்திலேயே நூல் ஊசிக்காதுக்குள் நுழைந்தது.

"கண்ணு பட்டுடப் போகுது, வெளிய சொல்லித் தொலைக்காதீங்க" என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக.

சொல்லாமல் இருக்கிற வாயா அது? மனைவியின் தம்பிதான் பட்டறையில் அவருக்குக் கூட்டாளி. முதலில் அவனிடம்தான் போய்ப் பீற்றிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், அடிக்கடி ஒன்றுக்கு ஒதுங்கினார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. "கண்ணும் இளசாச்சு, உடம்பும் இளைச்சாச்சு. அக்கா, மாமாவுக்கு இன்னொரு பொண்ணு பார்த்துடலாமா?" என்றான் வீட்டுக்கு வந்த மச்சான். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

கால்விரல் புண் ஆறாமல் போனபோதுதான் மருத்துவரிடம் போனார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் விழுங்கினார். ஆனால் சில நாட்களில் கம்பி மங்கியது. பழைய கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டால் அதிலும் தெரியவில்லை.

இங்கேதான் தொழில்காரன் புத்தி வேலை செய்தது. மோட்டார் மக்கர் பண்ணினால் அவர் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்ப்பார், எதைக் கழற்றினால் சரியாகிறதோ அதுதான் குற்றவாளி. மாத்திரையைக் கழற்றினார். கண் தெளிந்தது. மறுபடி போட்டார், மங்கியது. விட்டார், தெளிந்தது. சோம்பேறித்தனத்தில் விட்டிருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். பாவி மனுஷன், சோதித்துப் பார்த்தல்லவா விட்டார்.

"ரெண்டு தரம் பார்த்தாச்சு மச்சான். மாத்திரைதான் கண்ணைத் திங்குது. சர்க்கரை கண்ணுக்குத் தீனி. உனக்கும் சர்க்கரை இருக்கே, நீயும் விட்டுப் பாரு."

"ஆகட்டும் டாக்டர் மாமா" என்று மச்சான், தன் படிக்கிற கண்ணாடியைக் கூட்டில் வைத்து 'டப்'பென்று மூடிவிட்டுக் கும்பிடு போட்டான். அன்றிலிருந்து மனைவி அவர் தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகவே போட்டாள்.

சில வருஷங்களில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு எல்லாவற்றின் மேலும் ஆவி படிந்த மாதிரி ஒரு வெள்ளை. ஒருநாள் தப்பான கம்பியைச் சுற்றிவிட்டார். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே மோட்டார் புகைந்தது. அன்றிலிருந்து அவர் எடுக்கும் கம்பியைப் பட்டறையில் மற்றவர்கள் அளவுகோலில் நுழைத்துப் பார்த்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கண் மருத்துவர் ஒரு பெண். மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் உள்ளே போனார். மாத்திரை விட்ட கதையைக் கேட்டதும் அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாதுங்க. சுத்தியிருக்கிற தண்ணியில வர்ற சர்க்கரைதான் அதுக்குச் சாப்பாடு. ரத்தத்துல சர்க்கரை ஏறினா அந்தத் தண்ணியிலயும் ஏறும். லென்ஸுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. உள்ள வாங்கி வேற ஒரு சர்க்கரையா மாத்தி வச்சுக்கும். அது லேசுல வெளிய போகாது, தண்ணியை இழுக்கும். லென்ஸ் ஊதிடும். ஊதினதாலதான் கிட்டத்துல இருக்கிறது உங்களுக்குக் கண்ணாடி இல்லாமத் தெரிஞ்சுது."

"அப்போ மாத்திரை போட்டதும் மங்கினது?"

"வீக்கம் வத்துச்சு. ஒரு மாசம் பொறுத்திருந்தா நிலைக்கு வந்திருக்கும், புதுக் கண்ணாடி போட்டிருக்கலாம். இப்போ ஊறி ஊறிப் புரையாயிடுச்சு."

ஈரம் இறங்கி ஊறிக் கெட்டுப்போன மோட்டார்க் காயில்கள் எத்தனை பார்த்திருப்பார். சட்டென்று புரிந்துவிட்டது. வெளியே வந்தவர் மனைவியிடம், "வயசாச்சுல்ல, புரையாம்" என்று மட்டும் சொன்னார். தேநீர் கலந்த கையிடம் வேறென்ன சொல்வது? மச்சானிடமும் அதையேதான் சொன்னார். கேஜ்காரருக்குத் தப்புக் கணக்கு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் வந்தது. முகங்கள் வரவில்லை. புரைக்குப் பின்னால் விழித்திரை ரத்தம் கசிந்து எப்போதோ கெட்டுப்போயிருந்ததாம். புரை மறைத்ததால் முன்பே பார்க்க முடியவில்லையாம். அடுத்த கண்ணிலும் பெரிய நம்பிக்கை வேண்டாம் என்றார் அந்தம்மா.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மச்சான் பார்க்க வந்திருந்தான்.

"தம்பி, இந்த மருந்துப் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பாருடா. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

மச்சான் மடமடவென்று படித்தான். மருந்தின் பெயர், எத்தனை சொட்டு, திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்பதுவரை. கேஜ்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மச்சான் படிக்குமுன் எப்போதும் கேட்கும் கண்ணாடிக்கூட்டின் 'டப்' சத்தம் கேட்கவில்லை.

"மச்சான், கண்ணாடி போட்டிருக்கியா?"

"மாத்திரையை விட்ட கையோட அதையும் தூக்கிப் போட்டு மாசக்கணக்காச்சு மாமா. ஊசி முனைகூடத் தெரியுது. எல்லாம் உங்க வைத்தியந்தான்!"

மனைவி சிரித்தாள். அவர் காற்றில் கையைத் துழாவி, மச்சானின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். அது மெலிந்திருந்தது.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

"எனக்கெதுக்கு மாமா? எனக்குத்தான் நல்லாத் தெரியுதே."

"அதனாலதான்டா கூப்பிடுறேன்" என்றார். பிடித்த மணிக்கட்டை அவர் விடவில்லை. சிரித்துக்கொண்டிருந்த மனைவி சிரிப்பை நிறுத்தினாள்.