நெய்மொன் கொடுக்கும் வெள்ளைக் கேன்

நெய்மொன் வெள்ளைக் கேனோடு தெருவில் இறங்கினாலே சிரிப்பு கிளம்பிவிடும். மார்ஷல் தீவுகளின் வடக்கே, அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் ஒருகாலத்தில் வந்து விழுந்த தீவு அது. மண்ணில் கதிர்வீச்சுப் பொருள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அது உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஊசியும் ரத்தமும் வேண்டாம், சிறுநீர் போதும். ஆனால் ஒரு பகல் ஒரு இரவு போனது அத்தனையும் வேண்டும். அதைச் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவது மருந்தகத்தில் வேலை பார்க்கும் நெய்மொனின் பொறுப்பு.

"எங்க மூத்திரத்துல அப்படி என்னக்கா தங்கமா இருக்கு?"

"தங்கம்னா அனுப்பவா செய்வேன்? நானே வச்சுக்குவேன். பேசாம ரொப்பிக் குடு."

முதல் வருஷம் பாதிக் கேன்கள் தேறவில்லை. மீன்பிடிக்கப் போன ஆண்கள் கடலிலேயே பெய்துவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாதா என்ன? அடுத்த முறை படகுக்குப் படகு கேனைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள்.

அந்த இரண்டாம் வருஷம் ஆய்வகத்திலிருந்து டெரெக் முடிவுகளோடு வந்தார். எல்லோருக்கும் சொற்ப அளவு. லாபித் என்பவனுக்கு மட்டும் மற்றவர்களைப் போல நாலு மடங்கு.

"கேன் மாறியிருக்கும்," என்றார் டெரெக்.

"மாறல. பேர் எழுதினது நான். வேணும்னா திரும்ப எடுங்க."

திரும்ப எடுத்தார்கள். ஏறக்குறைய அதே எண். அவள் சொன்னதுதான் சரி என்று டெரெக் ஒப்புக்கொண்டார்.

லாபித் அவள் தங்கையின் கணவன். நெய்மொன் நேரே அவன் அடுப்படிக்குப் பின்னால் போனாள். தேங்காய் தின்று வளரும் தென்னை நண்டின் ஓடுகள் குவிந்து கிடந்தன. மண்ணில் இருப்பது தேங்காய் வழியே அதன் சதையிலும் ஏறிவிடும்.

"மாப்ள, இவ்ளோ பெரிய நண்டு நம்ம கரையில ஏது? சாம்பல் அதிகமா விழுந்த அந்த வடக்குத் திட்டுக்குப் போறியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "வாராவாரம் போவேன் அண்ணி. அங்கதான் கொழுத்துக் கிடக்கு. எனக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஏற விடக்கூடாது. நண்ட நிறுத்து, உடம்பே கழிச்சிரும். நாலு மாசத்துல பாப்போம்."

"நாலு மாசமா? அதுக்கு என்னைக் கடல்லயே தள்ளிடுங்க!"

முனகினாலும் நிறுத்தினான். நாலு மாதம் கழித்து எண் பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஞாயிறு தேவாலய வாசலில், பிடித்த மீனின் நீளத்தைச் சொல்வதுபோல அவன் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டான்.

மறுநாள் மருந்தகம் திறக்குமுன்பே ஏழு ஆண்கள் கேன் கேட்டு நின்றார்கள். எல்லோரும் வடக்குத் திட்டு நண்டு தின்றவர்கள். நெய்மொன் யாரையும் திட்டவில்லை. பேனாவை எடுத்து, முதல் கேனில் பெயரை எழுதினாள்.